மேலிருந்து ஒரு டங்

தலையில் ஷாம்புவைத் தேய்த்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தண்ணீர் வரும் என்ற தைரியத்தில் குழாய்ப் பக்கம் கையை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தைரியம் யாருக்கும் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வாளியில் பிடித்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். ஷவர் என்று ஒன்று சுவரில் இருக்கிறது. அது அழகுக்கு.

கீழ் வீட்டில் நாங்கள். மேல் வீட்டில் என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் மனைவியும். அவரை நான் அத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். மொட்டைமாடியில் ஒரு டேங்க். அதிலிருந்து ஒரே ஒரு இரும்புப் பைப் இறங்கி, மேல் வீட்டுக் குளியலறைச் சுவர் வழியாக எங்கள் குளியலறைக்கு வந்து, அங்கிருந்து சமையலறைக்குப் போகிறது. மாமனார் வீடு கட்டியபோது போட்டது. "இரும்புடா, அசையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாராம். அசையவில்லை என்பது உண்மைதான். நாளாக ஆக உள்ளே தண்ணீரும் அசையவில்லை.

மேலே குழாயைத் திறந்தால் கீழே தண்ணீர் நூலாக வரும். கீழே திறந்தால் மேலே சுத்தமாக நின்றுவிடும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஒரு ஆளைக் கூப்பிட்டு, பைப்பை மாற்றியிருக்கலாம். ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது. பேச்சு நின்றதும் இந்தப் பைப்பால்தான்.

பல வருஷங்களுக்கு முன் ஒருநாள் என் வீட்டுக்காரர் தன் ஆபீஸ் மேனேஜரை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். பதவி உயர்வு வாசல்வரை வந்து நிற்கிற நேரம். மேனேஜர் கை கழுவுவதற்காக இவர் குழாயைத் திறந்துவிட்டு, அவர் கழுவி முடித்த பிறகும் மூட மறந்து பேசிக்கொண்டே இருந்தார். மேலே அத்தான் முகமெல்லாம் சோப்போடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இடுப்பில் துண்டு, காதில் நுரை, அந்தக் கோலத்திலேயே படியிறங்கி வந்து ஹாலில் நின்று, "உலகத்துல இருக்கிற தண்ணியெல்லாம் உனக்கே வேணுமாடா?" என்று கத்தினார்.

மேனேஜர் சோபாவோடு சோபாவாக ஒடுங்கிவிட்டார். "யாருங்க இவர்?" என்று கேட்டார்.

இவருக்கு மானம் போய்விட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். "மாடியில குடியிருக்கிறவருங்க."

அத்தான் வந்த வழியே திரும்பினார். துண்டை இறுக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். கூடப் பிறந்த தம்பியைத் தலைமுழுகிவிட்டதாக அன்று சாயங்காலம் அக்காவிடம் அறிவித்தார். தலைமுழுக அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால்கூட சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இவர் உள்ளுக்குள் குமைந்தார். மன்னிப்புக் கேட்கப் போவார், முதல் படியில் காலை வைப்பார், "அவர் துண்டோட வந்தது மட்டும் சரியா?" என்று திரும்பிவிடுவார். பதவி உயர்வும் வரவில்லை. அந்தக் கணக்கும் துண்டின் தலையில் ஏறியது.

ஆனால் குளிக்காமல் இருக்க முடியுமா? நானும் அக்காவும் ஒரு வழி செய்தோம். சுவருக்கு வெளியே தெரிகிற பைப்பில் கரண்டியால் தட்டினால் மேலும் கீழும் கணீரென்று கேட்கும். ஒரு தட்டு என்றால், குளிக்கப் போகிறேன், குழாயைத் திறக்காதே. பதிலுக்கு ஒரு தட்டு என்றால், சரி. இரண்டு தட்டு என்றால், முடிந்தது. எங்களுக்காக வைத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை அண்ணனும் தம்பியும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் வேறு யாரும் பைப்பைத் தொடக்கூடாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. காலையில் இவர் பல் விளக்கிவிட்டு, வாய் கொப்பளிக்காமல், வாயெல்லாம் நுரையோடு வாஷ்பேசின் முன் நிற்பார். மேலிருந்து டங். இவர் கீழிருந்து டங். அத்தான் குளித்துவிட்டு டங் டங் என்ற பிறகுதான் இவர் வாய் கொப்பளிப்பார்.

"பேச்சு கிடையாது, தட்டு மட்டும் உண்டா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது தண்ணி விஷயம்" என்றார்.

ஒருமுறை இவருக்குக் கடுமையான காய்ச்சல். மத்தியான நேரத்தில் மேலிருந்து டங் என்றது. அத்தான் குளிக்கிற நேரமே இல்லை. நான் போய்ப் பதிலுக்குத் தட்டினேன். மறுபடியும் டங். மறுபடியும் தட்டினேன். மறுபடியும் டங். என் தட்டு அவருக்குச் செல்லாதாம். கடைசியில் இவர் போர்வையோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், குவளையால் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து படுத்தார். மேலே சத்தம் அடங்கியது.

"என்னவாம் உங்க அண்ணனுக்கு?"

"தண்ணி விஷயம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. காய்ச்சல் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. மாடிப்படி ஏறி இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு லிஃப்ட் வைத்த ஃபிளாட் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. முடிவானது என்றால், அத்தான் அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொல்லி, நான் இவரிடம் சொல்லி, இவர் சொன்ன "சரி" அதே வழியில் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அத்தானுக்கு நகரத்தின் இந்தக் கோடி பிடித்திருந்தது. உடனே இவருக்கு அந்தக் கோடி பிடித்துவிட்டது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் ஃபிளாட்டைப் பார்க்கப் போனபோது சமையலறையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஷவரைத் திறந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றேன். காட்ட வந்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அக்காதான் சந்தோஷப்படவில்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது சொன்னாள்: "உனக்கு ஷவர் கிடைக்கும், எனக்கு லிஃப்ட் கிடைக்கும். இவங்க ரெண்டு பேருக்கும் என்னடி கிடைக்கும்? இந்தப் பைப் இருக்கிறதாலதான் உயிரோட இருக்கியா, இருக்கேன்னாவது கேட்டுக்கிறாங்க. பிரிஞ்சு போனா அதுவும் போச்சு. அப்புறம் ஒருத்தர் சாவுக்குத்தான் இன்னொருத்தர் வருவார்."

கையிலிருந்த ஈரத்துணியை மறுபடியும் பிழிந்தேன். ஆனாலும் ஷவர் ஷவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒன்றும் மகான் இல்லை.

வீட்டை வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். கீழே கிளினிக், மேலே குடித்தனம் என்று திட்டம். அவரும் மனைவியும் பார்க்க வருகிற நாளில் புரோக்கர் முன்கூட்டியே வந்து எங்களை எச்சரித்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். "தண்ணியைப் பத்தி அவங்களா கேட்டாலொழிய யாரும் வாயைத் திறக்காதீங்க."

"வாயைத் திறந்தாலும் பரவாயில்லை, குழாயைத் திறக்கக் கூடாது" என்றேன்.

அத்தான் டாக்டரை மேலே கூட்டிப் போனார். டாக்டரின் மனைவி கீழே என்னோடும் இவரோடும் இருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேலே டாக்டர் ஷவரைத் திறந்து பார்ப்பது கேட்டது. நான் அலமாரியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண், சொல்லி வைத்த மாதிரி, நேராக சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மேலே ஷவர் நின்றிருக்கும். விருந்தாளி நிற்கிறாரே என்று அத்தான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பழகிய கை யோசிக்குமா? குவளையை எடுத்துப் பைப்பில் ஓங்கி ஒன்று விட்டார்.

டங்!

என் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து பாய்ந்தார். அந்தப் பெண்ணின் கைக்கு மேல் கையை விட்டுக் குழாயை மூடினார். அதே வேகத்தில் குளியலறைக்குள் ஓடி, பதிலுக்கு டங் என்று தட்டினார். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. குவளையும் கையுமாக வெளியே வந்து நின்றார்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டாள் டாக்டரின் மனைவி. குரல் இறங்கியிருந்தது.

புரோக்கர் முந்திக்கொண்டார். "பழைய வீடுங்க. அப்பப்ப தட்டும்."

"யாரு தட்டுறது?"

"வீடுதாங்க."

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர ஆரம்பித்தாள். இதற்கு மேல் மறைத்தால் பேய் வீடு என்று ஊரெல்லாம் பேசிவிடுவார்கள். நான் உண்மையைப் போட்டு உடைத்தேன். பைப், தட்டு, பதில் தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தம்பி சண்டையை மட்டும் சொல்லவில்லை. புரோக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் நல்ல மனுஷர். கோபப்படவில்லை. "உள்ள திறந்து பார்த்துடுவோம்" என்றார், வாயைத் திறக்கச் சொல்கிற அதே குரலில். அவருக்குத் தெரிந்த பிளம்பருக்கு போன் போட்டார்.

பிளம்பர் வந்ததும் எங்கள் குளியலறையில் பைப் வளைகிற இடத்தில் ஸ்பேனரை வைத்தான். "சும்மா தொட்டுப் பார்க்கிறேன்" என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, வளைவு கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. இத்தனை வருஷம் நூல் நூலாக வந்த தண்ணீர் அத்தனையும் ஒரேயடியாக வெளியே பாய்ந்தது. டீ நிறத்தில். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புரோக்கரின் புதுச் சட்டை போயே போய்விட்டது.

"டேங்க் வால்வை மூடுங்க!" என்று கத்தினான் பிளம்பர்.

"டேங்க் வால்வை மூடச் சொல்லு!" என்று இவர் என்னிடம் கத்தினார். அண்ணன் படிக்கட்டின் நடுவில், கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறார்.

"அக்கா, வால்வை மூடச் சொல்றார்!" என்றேன்.

"ஏங்க, வால்வை மூடணுமாம்!" என்றாள் அக்கா.

"எந்த வால்வுன்னு கேளு!" என்றார் அத்தான்.

"எந்த வால்வாம்?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் இவரைக் கேட்டேன். இவர் பிளம்பரைக் கேட்டார். அந்தப் பதில் எங்கள் எல்லோர் வாய் வழியாகவும் அத்தானைப் போய்ச் சேர்ந்து, அவர் மொட்டைமாடிக்கு ஓடுவதற்குள் டேங்க் காலியாகி, தண்ணீர் தானே நின்றுவிட்டது. பிளம்பர் நனைந்த தலையோடு எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"இவங்க ரெண்டு பேருக்கும் காது கேட்காதாங்க?" என்று என்னிடம் கேட்டான்.

டாக்டர் கழன்ற பைப் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். துரு அடை அடையாகப் படிந்து நடுவில் ஒரு பென்சில் நுழைகிற ஓட்டைதான் மிச்சம். நகத்தால் சுரண்டினார். "இவ்வளவு காரையை நான் எந்த வாயிலயும் பார்த்ததில்லை" என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு தீர்மானமாகச் சொன்னார்: மேலிருந்து கீழ்வரை பைப்பை மாற்றித் தந்தால் வீட்டை எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் இல்லை.

மாற்றினோம். அதைச் செய்துமுடித்தது பெரிய கூத்து. சுவரை மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் உடைக்க வேண்டும். இரண்டு பேரையும் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டும். "மேல சொல்லிடு", "கீழ கேட்டுடு" என்று பிளம்பர் படியேறி இறங்கியே இளைத்துப்போனான். ஒருநாள் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நான் பிளம்பருங்க, தபால்காரன் இல்லை. இனிமே இங்கதான் உட்காருவேன். யாருக்கு என்ன வேணுமோ கத்துங்க" என்று சொல்லிவிட்டான். அவர்கள் கத்தவும் இல்லை. அவன்தான் பாவம், கத்திக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்தது. வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் பைப். டேங்கிலிருந்து மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, தனித்தனியாக. மேலே யார் என்ன திறந்தாலும் கீழே ஒரு சொட்டுக் குறையாது. பிளம்பர் கருவிகளை மூட்டை கட்டின உடனே நான் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தலை நிறைய ஷாம்பு. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். கையை நீட்டித் திறந்தேன். தண்ணீர் தடதடவென்று தலையில் கொட்டியது. நின்றுகொண்டே சிரித்தேன். போதும் போதும் என்கிற அளவுக்கு நனைந்து வெளியே வந்தால், அக்கா எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குப்பையில் போட்டிருந்த பழைய இரும்புத் துண்டு ஒன்றை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்தக் குளியலின் சுகம் அத்தனையும் இறங்கிப்போனது.

மறுநாள் காலை டாக்டர் முன்பணம் தர வருவதாகச் சொல்லியிருந்தார்.

இவர் வழக்கம்போல் எழுந்து, பல் விளக்கிவிட்டு, நுரையோடு வாஷ்பேசின் முன் நின்றார். நான் தோசைக்கல்லோ டீயோ எதையோ கவனித்துக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இன்னும் நிற்கிறார். கை குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. திறக்கவில்லை. முகத்தை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். அத்தான் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய், குவளையால் புதுப் பைப்பைத் தட்டினார். தொப் என்றது. இன்னும் ஓங்கித் தட்டினார். தொப். கீழே எதுவும் கேட்கவில்லை. கீழிருந்தும் எதுவும் வரவில்லை. ஷவரைத் திறந்தால் அருவியாகக் கொட்டும் என்று அவருக்குத் தெரியும். முந்தின நாள்தான் பிளம்பர் திறந்து காட்டியிருந்தான். ஆனாலும் திறக்காமல், குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாராம்.

பிறகு படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. முட்டி வலியால் அக்கா அவ்வளவு வேகமாக இறங்க மாட்டாள். அத்தான்தான். இடுப்பில் துண்டு, கையில் குவளை. எங்கள் கூடத்துக்குள் வந்து, தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"டேய்" என்றார். "நான் குளிக்கப் போறேன்."

இவர் திரும்பினார். வாய் நிறைய நுரை. "ம்" என்றார்.

"குழாயைத் திறந்துடாதே."

இவர் தலையை வேகமாக ஆட்டினார். திறக்க மாட்டேன், திறக்க மாட்டேன்.

இப்போதுதான் இரண்டும் தனித்தனி பைப் ஆயிற்றே, நீங்கள் பாட்டுக்குக் குளிக்கலாமே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தானுக்குப் பின்னாலேயே தட்டுத்தடுமாறி இறங்கி வந்திருந்த அக்கா என் வாயைக் கையால் பொத்திவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் டாக்டரும் புரோக்கரும். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்தவர்கள், கூடத்தின் நடுவில் வெற்று மார்பும் துண்டுமாக நின்ற அத்தானைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதே கூடம், அதே துண்டு, வாசலில் அதே மாதிரி ஒரு பெரிய மனிதர். அத்தானுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். வீடு பார்க்க வந்த அன்று டாக்டர் மேலே அவரோடுதான் இருந்தார், யார் என்று நன்றாகத் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்காமலேயே இவர் சொன்னார். நுரை தெறிக்கத் தெறிக்க, டாக்டரின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விழ, உரக்கச் சொன்னார்: "இவர் எங்க அண்ணன்!"

அத்தான் நின்றார்.

"எங்க அண்ணன். குளிக்கப் போறார்" என்றார் இவர் மறுபடியும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியுமே" என்றார், ஒன்றும் புரியாமல்.

அத்தான் திரும்பவில்லை. "உட்காரச் சொல்லுடா அவங்களை" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "இதோ வந்துடறேன்." படியேறிப் போனார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எனக்கு எதற்கு அழுகை வந்தது என்று புரோக்கர் என்னைப் பார்த்தார்.

மேலே ஷவர் சத்தம் கேட்டது. டாக்டர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு இவரையே கவனித்தார். "பேஸ்டை இவ்வளவு நேரம் வாயில வெச்சிருக்கக் கூடாது. கொப்பளிச்சுடுங்க" என்றார். இவர் குழாயைத் தொடாமல், கூடாது என்று கையை ஆட்டினார்.

புரோக்கர் பையைத் திறந்தார். "நீங்க கேட்ட மாதிரியே இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்" என்றார். இவர் அவசரமாகத் தலையாட்டி, ஒரு உள்ளங்கைக்கு மேல் இன்னொரு உள்ளங்கையை வைத்துக் காட்டினார். புரோக்கருக்குப் புரியவில்லை. சாப்பாடு வேண்டுமா என்று கேட்டார். இவர் மேல் கையைக் காட்டி மாடியைக் காட்டினார், கீழ்க் கையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார்.

"ஒரே கட்டடத்துல வேணுமாம்" என்றேன் நான். "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. லிஃப்ட் கட்டாயம் இருக்கணும்."

"அந்த ரெண்டையும் தேடி நான் எவ்வளவு நாள் அலைஞ்சேன்..." என்று புரோக்கர் ஆரம்பித்தார். இவர் விரலை உயர்த்தி அவரை அடக்கினார். மேலே ஷவர் நின்றிருந்தது. எல்லோரும் கூரையைப் பார்த்தோம், டாக்டர் உட்பட.

"டேய்!" என்று மாடியிலிருந்து அத்தானின் குரல், கட்டடமே அதிர வந்தது. "முடிஞ்சுதுடா!"

இவர் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார். பிறகு முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.